பழுப்பு பூட்ஸும் ஆறு வாக்கியமும்

கல்யாணமாகி ஏழெட்டு மாதம் வரைக்கும் என் வீட்டுக்காரரின் முகத்தைவிட அவருடைய குதிகாலைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வெளியே கிளம்பினால் அவர் முன்னால் போவார். நான் பத்தடி தள்ளி, தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போவேன். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார், நான் நிமிர்ந்து பார்க்க மாட்டேன். வலது குதிகாலில் ஒரு வெடிப்பு, இடதில் இரண்டு. தேர்க்கூட்டத்தில் விட்டாலும் அந்த மூன்று வெடிப்பை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவேன். (முகத்தை வைத்துக் கண்டுபிடி என்றிருந்தால் சந்தேகம்தான்.)

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, அஞ்சாங்கிளாஸோடு நின்று, பதினாறு வயதில் கோயமுத்தூருக்கு வந்தேன். அவர் ஒரு நூல் மில்லில் கிளார்க்கு. குடியிருந்தது லைன் வீடு. இடப்பக்க வீட்டில் தெலுங்கு பேசினார்கள், வலப்பக்க வீட்டில் கன்னடம். நான் சிரித்தால் அவர்களும் சிரிப்பார்கள். அதோடு சரி. காலைச் சங்கு ஊதி அவர் போனால், சாயங்காலச் சங்கு ஊதும் வரை என் குரல் எனக்கே கேட்காது. ஒருநாள் அரிசி களையும்போது, "கல்லு கெடக்குது பாரு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, யார் பேசினது என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

அவரும் வீட்டுக்கு வந்தால் பேச மாட்டார். சாப்பாடு, பேப்பர், தூக்கம். அப்படிப்பட்ட மனுஷர் ஒருநாள் பலப்பமும் சிலேட்டுமாக வந்து நின்றார். மானேஜர் துரையின் சம்சாரம் வருஷத்துக்கு ஒரு தரம் கிளார்க்குகளின் வீட்டுப் பெண்களை பங்களாவுக்குக் கூப்பிட்டு டீ கொடுப்பாளாம். அதற்கு நான் ஆறு வாக்கியம் இங்கிலீஷ் பேச வேண்டுமாம். தினமும் விளக்கு வைத்ததும் அரை மணி நேரம் பாடம் என்றார்.

கப்பு, சேரு, டீ என்பதெல்லாம் சுலபமாக வந்துவிட்டது. என்னைப் படுத்தியது பொடிச் சொற்கள்தான். ஒன்லி, ஈவன், ஆல்மோஸ்ட், குவைட்.

"இங்கிலீஷ்காரன் ஆளை ஒத்தையா அனுப்ப மாட்டான், அம்மிணி," என்றார் அவர். "கலெக்டருக்கு முன்னாடி டவாலி வாரானில்ல, அந்த மாதிரி. மொதல்ல சின்னச் சொல்லு வரும், அதுக்கப்புறந்தான் ஆளு வருவாரு."

நம் பேச்சில் அப்படியா? நான்தான், அவருங்கூட என்று சின்னச் சொல் ஆளுக்குப் பின்னால்தானே வருகிறது? என்னைப் போலவே அதுவும் பத்தடி தள்ளி வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். (வெளியே சொல்லவில்லை. அத்தனை தைரியம் ஏது?)

மூன்றாவது வாக்கியம், "ஐ ஆம் ஒன்லி ஹிஸ் ஒய்ப்." நான் இவருடைய சம்சாரந்தான், வேறு யாருமில்லை என்று அர்த்தம். ஒன்லி எதற்கு என்று கேட்டேன். நாம் 'ங்க' போடுகிற மாதிரி அது ஒரு அடக்கம் என்றார். நாலாவது, "ஹி இஸ் ஆல்மோஸ்ட் எ ஹெட் கிளார்க்." ஏறக்குறைய ஹெட் கிளார்க்கு. (மொத்தப் பாடமும் இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் என்று பிற்பாடு புரிந்தது.) ஐந்தாவது, "ஈவன் ஹிஸ் மதர் லைக்ஸ் மீ." ஊரிலிருக்கும் அவர் அம்மாவுக்குக்கூட என்னைப் பிடிக்குமாம். இது சுத்தப் பொய். ஆனாலும் இங்கிலீஷில் சொல்லும்போது கேட்க நன்றாக இருந்தது.

அந்த அரை மணிக்காகத்தான் நான் மீதி நாளைத் தள்ளினேன். டீ பார்ட்டிக்கு முதல்நாள் அவர் சொன்னார்: "நாளைக்கு மானம் போச்சுன்னா சிலேட்டப் பரண்ல போட்டுருவேன், பாத்துக்க." துரைசானி என்ன நினைத்தால் எனக்கென்ன? சிலேட்டு பரணுக்குப் போனால் என்னோடு பேச யார் இருக்கிறார்கள்?

மறுநாள் மத்தியானம் அவர் புதுப் பழுப்பு பூட்ஸ் போட்டுக்கொண்டு கிளம்பினார். என் மூன்று வெடிப்பும் அதற்குள் போய்விட்டன. எனக்கு அது உறைக்கவில்லை. வாய்க்குள் ஆறு வாக்கியத்தையும் உருட்டிக்கொண்டு, பூட்ஸைப் பார்த்தபடி நடந்தேன். ஒப்பணக்காரத் தெருவில் பருத்தி வண்டி ஒன்று குறுக்கே போயிற்று. வண்டி விலகியதும் பழுப்பு பூட்ஸ் தெரிந்தது. தொடர்ந்தேன்.

பூட்ஸ் ஒரு கேட்டுக்குள் நுழைந்தது. குரோட்டன்ஸ் தொட்டிகளைத் தாண்டிப் படியேறிப் போய், வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தது. நான் தூணோரம் நின்றேன். உள்ளேயிருந்து ஒரு சேலைக்கரை வந்தது. துரைசானி சேலை கட்டியிருக்கிறாளே என்று ஒரு கணம் தோன்றியது. நமக்கு மரியாதை செய்யக் கட்டியிருப்பாள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். (இந்த அறிவை வைத்துக்கொண்டுதான் இங்கிலீஷ் படித்தேன்.) சேலைக்கரை, "ஹூ இஸ் திஸ்?" என்றது.

இனி தாமதிக்கக் கூடாது. தரையைப் பார்த்தபடியே, நினைவுக்கு வந்த மூன்றை ஒரே மூச்சில் கொட்டினேன். ஐ ஆம் ஒன்லி ஹிஸ் ஒய்ப். ஹி இஸ் ஆல்மோஸ்ட் எ ஹெட் கிளார்க். ஈவன் ஹிஸ் மதர் லைக்ஸ் மீ.

நான் முடித்ததும் பூட்ஸ் கழன்றது. உள்ளேயிருந்து பழுத்த பப்பாளி மாதிரி வழவழவென்று இரண்டு குதிகால்கள் வந்தன. மருந்துக்கும் ஒரு வெடிப்பு இல்லை.

அழுதுகொண்டே நிமிர்ந்து பார்த்தேன். கருப்புக் கோட்டுப் போட்ட ஒரு வக்கீல். அவருக்கு எதிரே கான்வென்டில் படித்த அவர் சம்சாரம், கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஆருன்னே தெரியாது அம்மிணி, சத்தியமா," என்றார் வக்கீல், தன் சம்சாரத்தைப் பார்த்து.

அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வேணும்னா இவுங்களை எடுத்துக்க கண்ணு. ஆனா ஒண்ணு, இவுங்க இன்னும் ஆல்மோஸ்ட் எ வக்கீல்தான்," என்றார்.

நான் அழுத அழுகையில் விஷயம் கொஞ்சங்கொஞ்சமாக வெளியே வந்தது. வீட்டுக்காரர் பேரைக் கேட்டார்கள். புருஷன் பேரை எப்படிச் சொல்வது? வக்கீல் கோர்ட்டில் விசாரிக்கிற மாதிரி, கந்தசாமியா, ராமசாமியா, பழனிச்சாமியா என்று அடுக்கினார். மூன்றாவதே சரியான பேர். தலையாட்டினால் பேர் சொன்ன பாவம் வந்துவிடுமோ என்று சும்மா நின்றேன். மனுஷர் பத்தொன்பது பேர் வரை போய்க் களைத்துவிட்டார். கடைசியில் மில்லின் பேரைச் சொன்னேன். ஜட்கா வண்டிக்கு ஆள் போனது. அது வரும்வரை அந்த அம்மாள் எனக்குக் காப்பி கொடுத்து, எங்கள் தோட்டத்தில் எத்தனை தென்னை, அம்மா எப்படி இருக்கிறாள் என்றெல்லாம் கேட்டார். எட்டு மாதத்தில் ஒரு பெண்பிள்ளை என்னோடு தமிழில் பேசியது அன்றைக்குத்தான். ஜட்கா மெதுவாக வரட்டும் என்றிருந்தது.

வீட்டில் அவர் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். ஜட்காக்காரன் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். என்னைத் திட்டவில்லை. எழுந்து சிலேட்டை எடுத்துப் பரணில் போட்டார்.

ஐந்து நாள் விளக்கு வைத்தேன். ஐந்து நாளும் பேப்பர்தான் படித்தார். திட்டியிருந்தாலாவது குரல் கேட்டிருக்கும்.

ஆறாம் நாள் பேப்பரைத் தாழ்த்தாமலே, "அந்த வக்கீலம்மாகிட்ட என்னதான் சொன்ன?" என்றார்.

சொன்னேன். மூன்று வாக்கியத்தையும், அதே வரிசையில். பேப்பர் ஆடியது. அழுகிறாரோ என்று பயந்தேன். பேப்பர் விழுந்தபோதுதான் தெரிந்தது, மனுஷர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஒரு பல் சிங்கப்பல் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு அவர் பங்கைச் சொன்னார். பங்களா வரைக்கும் திரும்பியே பார்க்காமல் போயிருக்கிறார். துரைசானி முன்னால் நின்று, கையைப் பின்னால் நீட்டி, "மை ஒய்ப்" என்றாராம். துரைசானி அவர் பின்னாலிருந்த வெறும் தரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாளாம். பிறகு ரொம்ப மரியாதையாக, "குவைட் எ ஷை கேர்ள்" என்றாளாம். ரொம்பக் கூச்சப்படுகிற பெண் போலிருக்கிறது!

சிலேட்டு பரணிலிருந்து இறங்கவே இல்லை. ஆனால் அன்று முதல் விளக்கு வைத்ததும் அவர் பேசினார். மில் கதை, துரை கதை, ஹெட் கிளார்க்கு வேலை இந்த வருஷமும் வராத கதை. ஐம்பத்திரண்டு வருஷம் பேசினார்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது வராமல் போனால், அந்தக் காலி இடத்தைக் காட்டி "குவைட் எ ஷை கேர்ள்" என்பார்கள். போன தை மாதம் பேத்தி கல்யாணத்தில் குடும்பமாகப் படம் எடுக்க உட்கார்ந்தோம். என் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. யாரோ உட்கார வந்தார்கள். என் மகன் அவர்களைத் தடுத்து, அந்த நாற்காலியைக் காட்டி, படம் எடுக்கிறவரிடம் அப்பா குரலிலேயே, "குவைட் எ ஷை பாய்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

படம் வந்ததும் பார்த்தேன். நான் நன்றாகத்தான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். என் கை பக்கத்து நாற்காலியின் கைப்பிடி மேல் இருக்கிறது. அதை எப்போது அங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.