மாப்பிள்ளைக்கு எடுத்து வைத்த சினை

எங்கள் வீட்டில் ஒரு கலியாணம் குழம்பாமல் நடந்தது என் களவினால்தான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமே கிடையாது. (மனைவிக்குத்தான் கொஞ்சம் வெட்கம்.)

சண்டைக் காலம். கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி ஃபிளாட். அக்காவைப் பேசி முடிக்க, ஹெவ்லொக் டவுனிலிருந்து மாப்பிள்ளையும் தாயாரும் ஞாயிறு மத்தியானம் சாப்பிட வருவதாக ஏற்பாடு. அதற்கு முன் இரண்டு சம்பந்தம் தட்டிப்போய், அக்கா சிரிப்பதையே விட்டிருந்தாள். விருந்துக்கு மீன் என் பொறுப்பு என்று மார்தட்டினேன். எனக்கு இருபத்திரண்டு வயது. தூண்டில் வாங்கி ஒரு மாதம்.

சனிக்கிழமை பொல்கொடை ஏரியில் இரண்டு முழ நீளத்தில் ஒன்று அகப்பட்டது. நீண்ட அலகு, வாய் நிறையப் பல். யாரோ தொட்டியில் வளர்த்து, பெருத்ததும் ஏரியில் விட்ட வெளிநாட்டுச் சாதி என்பது பிறகுதான் தெரிந்தது. நான் அதை முரல் என்று அறிவித்தேன்.

"முரலுக்கு இப்பிடிச் செதிலோ? இது மீனோ முதலையோடா?" என்றார் அம்மா.

கத்தி வழுக்கியது. செதில் ஒவ்வொன்றும் ஓட்டுத் துண்டு. கடைசியில் கீழ்வீட்டுச் சிங்கள அய்யேயிடம் தகரம் வெட்டும் கத்தரியை இரவல் வாங்கி, முதுகு வழியே நறுக்கி உரித்தேன். கையில் நாலு இடத்தில் பிளாஸ்டர். ஆனால் சதை கோழியிறைச்சி போல வெள்ளை வெளேரென்று வந்தது.

வயிற்றுக்குள் இரண்டு கை நிறையச் சினை, முட்டை முட்டையாக. மறுநாள் அம்மா அதை மிளகாய்த்தூள் போட்டுப் பொரித்து மூடி வைத்தார்.

"இது மாப்பிள்ளைக்கு. ஒருத்தரும் கை வைக்கப்படாது."

வழியில் ஆமி செக்கிங். அவர்கள் வர ஒன்றரை மணித்தியாலம் பிந்திவிட்டது. நான் உப்புப் பார்க்க ஒரு துண்டு எடுத்தேன். பிறகு உறைப்புப் பார்க்க. தட்டு காலியான நேரம் அவர்கள் கதவைத் தட்டினார்கள். அம்மாவிடம் பூனை என்று சொன்னேன். (மூன்றாம் மாடிக்கு ஏறி, தட்டை மூடியும் வைத்துவிட்டுப் போன பூனை.)

மாப்பிள்ளை மீன்கறியை இரண்டாம் தரம் கேட்டார். அந்த நேரம் பார்த்து எனக்கு வயிற்றைப் பிரட்டியது. குளியலறைக்குச் சாப்பாட்டு மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் மேசைவரைதான் போய்ச் சேர்ந்தேன்; அங்கேயே வாந்தி.

மாப்பிள்ளையின் தாயார் கையை உதறிக்கொண்டு எழும்பி, மகனைத் தடுத்தார். "மீன் பழுது. தம்பி, சாப்பிடாதை."

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். இதுவும் போகப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"மீன் நல்லம், மாமி," என்றேன் தரையில் இருந்தபடியே. "சினையிலைதான் பிழை. அதை நான் மட்டுந்தான் சாப்பிட்டனான். உங்கட மகனுக்கெண்டு வைச்சது. களவா, முழுக்க."

மாப்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வைச்சதையோ?" என்று சொல்லிச் சிரித்தவர், கறிச்சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அக்காவும் சிரித்துவிட்டாள்.

அந்த மீனின் சினை நஞ்சு என்று டொக்டர் பின்னேரம் சொன்னார். சேலைன் ஏற ஏற எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதைத் தின்றிருக்க வேண்டியவர் மாப்பிள்ளை.

அவர் இப்போது என் அத்தான். இன்றைக்கும் எந்த விருந்திலும் முதல் சாப்பாட்டுப் பீங்கான் எனக்குத்தான். எனக்குப் பரிமாறிவிட்டு அத்தான் தன் மணிக்கூட்டைப் பார்த்து, மற்றவர்களைக் கை காட்டி மறிப்பார்.

"மச்சான் சாப்பிடட்டும். அரை மணித்தியாலம் பாத்திட்டு நாங்கள் சாப்பிட இருப்பம்."