ஐந்தருவிக்குப் போன ஆன்டிபாடி

பயந்தாங்கொள்ளியிடம் எதைக் கொடுத்தாலும், அதைப் பத்திரப்படுத்தியே பாழாக்கிவிடுவான். நான் அந்த ரகம்.

அப்போது திருவனந்தபுரத்தில் ஆராய்ச்சி மாணவன். வேகமாக முற்றும் ரத்தப் புற்றுநோயின் செல்களைத் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளும் ஓர் ஆன்டிபாடியைத் தயாரிக்க மாதக்கணக்கில் உயிரை விட்டிருந்தேன். கடைசியில் தேறியது சுண்டுவிரல் நுனி அளவுக் குப்பியில் பாதி. அதைச் சோதனைக்காக மதுரையிலுள்ள ஓர் ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

"உறையக் கூடாது, சூடாகவும் கூடாது. இது போனால் உன் பிஎச்.டி.யும் போச்சு" என்றார் என் வழிகாட்டி மேடம்.

வழியில், தென்காசி வீட்டில் ஒருநாள் தங்கல். ஃப்ரிட்ஜில் வைத்திருக்கலாம். ஆனால் அம்மா கண்ணில் பட்டதையெல்லாம் ஃப்ரீசருக்குள் தள்ளுகிறவள். (அப்பாவின் கண் சொட்டு மருந்து ஒருமுறை கல்லாகக் கிடைத்தது.) அதனால் குப்பியை ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் வைத்து, அதைக் கையை விட்டு இறக்காமல் திரிந்தேன். சாரல் காலம். குடும்பமே குற்றாலத்துக்குக் கிளம்ப, ஃபிளாஸ்க்கும் ஐந்தருவிக்கு வந்தது.

குளிக்காமல் ஒதுங்கி நின்றவனை மச்சான் விடவில்லை. குளித்து முடித்து உட்கார்ந்திருந்த வீ.கே.புதூர் அத்தையிடம் ஃபிளாஸ்க்கைக் கொடுத்தேன்.

"உள்ள மருந்து இருக்கு அத்தை. பத்திரம்."

கூட்டத்தில் முண்டியடித்துக் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டே திரும்பினேன். அத்தை அதே ஃபிளாஸ்க்கிலிருந்து ஆவி பறக்கச் சுக்குக் காப்பி ஊற்றி நீட்டினாள்.

"குடிலே. அருவில குளிச்சுட்டு ஐஸ் தண்ணி குடிச்சா சன்னி கண்டுரும்லா. அதான் கொட்டிட்டு, கடையில இத வாங்கி ஊத்துனேன்."

என் ஆராய்ச்சி மொத்தமும் சுக்கோடு சேர்ந்து வேகிறது என்றே நினைத்தேன்.

"உள்ள இருந்த குப்பி?"

"அதுவா? இங்கன பத்திரமா இருக்கு." இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை உருவித் திறந்தாள். வெற்றிலைக்கும் பாக்குக்கும் நடுவே என் குப்பி. தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

இருபத்தாறு வயது ஆண்பிள்ளை, ஈரத் துண்டோடு, அத்தனை பேர் பார்க்க அழுதேன்.

"எதுக்குலே அழுவுத?"

"இது சூடு தாங்காது அத்தை."

"இது எங்கன போற மருந்து?"

"நோயாளி ரத்தத்துல."

"அவன் ரத்தம் என்ன ஐஸாலே? எம் இடுப்புச் சூட்டையே தாங்காதது, அவன் உடம்புக்குள்ள போயி என்னத்தக் கிழிக்கப் போவுது?"

(எங்கள் இருவரில், படித்துக்கொண்டிருந்தவன் நான்தான்.)

ஜூஸ் கடையில் ஐஸ் கெஞ்சி வாங்கி, மறுநாள் மதுரை போய்ச் சேர்ந்தேன். மேடத்திடம் போனில் உண்மையைச் சொன்னேன். "புற்றுநோய்ச் செல்லில் போட்டுப் பார்" என்றார்.

போட்டோம். ஆன்டிபாடி பிழைத்திருந்தால், செல்களை அளக்கும் கருவியின் திரையில் தெரியும் வரைபட மேடு வலப்பக்கம் நகரும். செத்திருந்தால் நகராது. நான் திரையைப் பார்க்காமல் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த ஆய்வகக்காரர் தோளில் தட்டிய பிறகுதான் நிமிர்ந்தேன். நகர்ந்திருந்தது.

அத்தை கேட்ட கேள்வியைச் சொன்னதும் மேடம் சிரித்துவிட்டார். "அந்தம்மா சரியாத்தானே கேட்டிருக்காங்க. இதை நீ யோசிச்சிருக்க வேண்டாமா?"

இன்றும் எங்கள் வீட்டில் கம்மலோ சாவியோ, தொலைந்துவிடும் என்று யாராவது பயந்தால், "அத்தை இடுப்புல வை" என்பார்கள். ஒவ்வொரு முறை நான் ஊருக்குப் போகும்போதும் அத்தை சுருக்குப்பையைத் திறந்து காட்டி, "ஏலே, வைக்கதுக்கு ஏதும் இருக்கா?" என்று கேட்கிறாள்.

எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டே என் சட்டைப்பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.