மாடியில் குடியிருக்கும் டீம்டு

திருவண்ணாமலை,
24.7.2008

பெருமதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய சந்திரகலா அத்தைக்கு,

உங்கள் தம்பி மகன் விமல்ராஜ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பாவைத் தவிர எல்லோரும் நலம். அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, வருமான வரிதான். அங்கே மாமாவின் முழங்கால் வலி இப்போது தேவலையா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

போன வாரம் போனில் மாமா ஒரு வேலை வைத்தார். ஜெராக்ஸ் கடை வருமானத்தையும் பின்கட்டு வாடகையையும் சேர்த்துக் கணக்குக் காட்ட எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம், நீதான் பி.காம். படித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறாயே, விசாரித்து எழுது என்றார். அந்த ‘சும்மா’வை அவர் அழுத்திச் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் எங்கள் வீட்டிலேயே மூன்று சாஃப்ட்வேர்கள் வந்து போய்விட்டன. அவற்றைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன் உங்களுக்கு ஒரு செய்தி: நீங்கள் ஆவடி வீட்டைக் காலி செய்துகொண்டு எங்கள் மாடி போர்ஷனுக்குக் குடி வரப்போகிறீர்கள். இது உங்களுக்கே புதிதாக இருக்கும் என்பதால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

அந்த மாடி இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. தனி வாசல், தனி மீட்டர், திறந்தால் தண்ணீர் வருகிற குழாய். கேட்டில் ‘வீடு வாடகைக்கு, சைவக் குடும்பத்துக்கு மட்டும்’ என்று பலகை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி வாங்கிக்கொண்டு வந்து அப்பா வண்டியை நிறுத்துவது அந்தப் பலகைக்குக் கீழேதான். ஓவியா என்று ஒரு பெண், பிளஸ் டூ வரை என்னோடு படித்தவள், இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறாள். நைட் டூட்டி முடிந்து திரும்பும்போது கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கி இரண்டு தடவை விழுந்துவிட்டாள். இந்த மாதக் கடைசிக்குள் டவுனில் வீடு கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இரு என்று அவள் அம்மா காசியம்மாள் சொல்லிவிட்டார். இருவரும் வந்து மாடியைக் கேட்டார்கள். அப்பா மோர் கொடுக்கச் சொன்னார். சம்பளம் எவ்வளவு, ஆட்கள் எத்தனை பேர் என்று கேட்டு எல்லாவற்றுக்கும் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு, “ஊர்ல எந்தப் பக்கம்மா?” என்றார். நம் ஆட்கள் இதைத் திசை தெரிந்துகொள்வதற்காகக் கேட்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஓவியாவுக்கும் தெரியும். “காலனிங்க” என்றாள், பஸ் ஸ்டாண்டுக்கு வழி சொல்வதுபோல. அப்பா அவள் கையிலிருந்த டம்ளரை ஒரு பார்வை பார்த்தார்.

“அடடா, எங்க அக்கா ஆவடியில இருந்து வராங்களேம்மா. மாடியை அவங்களுக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

காசியம்மாள் எழுந்துகொண்டார். “உங்க அக்கா நல்லபடியா வந்து சேரட்டும்ங்க” என்று சொல்லிவிட்டு மகளை அழைத்துக்கொண்டு போனார்.

உங்கள் பெயரைச் சொல்லித்தான் கதவைச் சாத்தினார் அத்தை. பௌர்ணமி தவறாமல் வெறுங்காலோடு மலையைச் சுற்றுகிற மனிதர் இவர். சுற்றி முடித்துச் செருப்பை மாட்டியதும் பழைய ஆளாகிவிடுகிறார். இவர் மட்டுமா, அந்தப் பெண் ஏறி இறங்கிய அத்தனை வீடுகளிலும் இதே கேள்வி, இதே மோர், ஆவடிக்குப் பதிலாக ஆரணியிலோ ஆம்பூரிலோ ஒரு அக்கா. நான் சண்டை போட்டேன். “சம்பாதிச்சு நீ ஒரு வீடு கட்டு, அதுல யாரை வேணும்னாலும் வெய்யி” என்று முடித்துவிட்டார். இதற்குள் நீங்கள் ஒன்று நினைத்திருப்பீர்கள். அப்படி எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்திலேயே அவளுக்கு என்னைக் கண்டால் ஆகாது.

இந்தச் சமயத்தில் ஆடிட்டர் ஃபீஸை ஜாஸ்தி ஆக்கினார். இனிமேல் எல்லாமே கம்ப்யூட்டரில்தானாமே, ஒரு சிடி வாங்கிப் போட்டால் முடிந்தது, மூன்று வருஷம் படிக்க வைத்ததற்கு இதுகூடச் செய்ய மாட்டாயா என்று அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். பாத்திரக் கடை வருமானம் ஒன்று, அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் இருக்கிற தகரக் கொட்டகையின் வாடகை ஒன்று, காட்ட வேண்டியது இவ்வளவுதான். தேரடித் தெருவில் ஜாதக சாஃப்ட்வேர் விற்கிற மூர்த்தி என்பவர் வரி சாஃப்ட்வேரும் விற்கிறார். “ராகு கேதுவையே கரெக்டா போடறாங்க சார், உங்க வரியைப் போட மாட்டாங்களா?” என்று கேட்டு ‘வரி நண்பன்’ என்று ஒரு சிடியைக் கொடுத்தார். பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கூடத்தில் வைத்து, அப்பா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார, ஆரம்பித்தோம். பெயர் கேட்டது, கதவு எண் கேட்டது, தெரு கேட்டது. “பாத்தியா, கம்ப்யூட்டரும் எந்தத் தெருன்னுதான் கேக்குது. நான் கேட்டா மட்டும் உனக்குக் கோவம் வருது” என்றார். அடுத்ததாக, வேலை கொடுத்த முதலாளியின் பெயர் என்ன என்று கேட்டு அங்கேயே நின்றுவிட்டது. அது மாதச் சம்பளக்காரர்களுக்கான சாஃப்ட்வேர் என்பது அப்போதுதான் தெரிந்தது. “எனக்கு எவன்டா முதலாளி?” என்று அப்பா குதித்தார். அடுப்படியிலிருந்து அம்மா, “ஆதிலட்சுமின்னு போடுடா” என்று தன் பெயரையே சொன்னார். அதோடு முதல் சிடி போயிற்று.

இரண்டாவதன் பெயர் ‘லாப தீபம்’. வியாபாரிக்கும் வீட்டுக்காரருக்கும் பொருத்தமானது என்று மூர்த்தி சூடம் அணைக்காத குறையாகச் சொன்னார். கடைக் கணக்கு முழுவதையும் உள்ளே ஏற்றிவிட்டேன், கரண்ட் போய்விட்டது. மறுபடியும் ஏற்றினேன், மறுபடியும் போயிற்று. மூன்றாம் தடவை வரிக்கு வரி சேமித்துக்கொண்டே போய்க் கொட்டகை வாடகைக்கு வந்தோம். எத்தனை மாதம் வாடகைக்கு இருந்தது என்று கேட்டது. அந்தக் கொட்டகையில் டீயும் சுண்டலும் போடுகிற பொன்னியக்கா மாத வாடகை கொடுப்பதில்லை, பௌர்ணமிக்குப் பௌர்ணமிதான் கொடுப்பார். போன வருஷம் ஜூனில் இரண்டு பௌர்ணமி வந்ததால் அந்த வருஷத்துக்குப் பதிமூன்று. பதிமூன்று என்று அடித்தேன், பன்னிரண்டுக்கு மேல் கிடையாது என்றது. பன்னிரண்டு என்றே போட்டு மொத்தத்தை மட்டும் சரியாகப் போடலாம் என்றால் அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. “பதிமூணு வாங்கிட்டுப் பன்னெண்டுன்னு எழுதினா அது பொய்க் கணக்குடா.” ஓவியாவிடம் உங்களை ஆவடியிலிருந்து கிளப்பிய அதே வாய். இந்தச் சண்டை எப்படியோ அடி அண்ணாமலை வரைக்கும் போய், மறுநாள் காலையில் பொன்னியக்கா வந்து நின்றார்.

“இன்னாண்ணே, கம்ப்யூட்டரே பன்னெண்டுதான்னு சொல்லுதாமே. அப்ப பதிமூணாவது வாடகையை எடு.”

“அது மெஷினுக்குத் தெரியாதும்மா. வானத்துல நிலா வந்துதா இல்லையா?”

“வந்துச்சு. கூடவே மழையும் வந்துச்சு. ஒரு டீ போணியாவலை. நிலாவுக்கு வாடகை குடுத்தவ நான் ஒருத்திதான் இந்த ஜில்லாவுல.”

கொடுக்கவில்லை என்றால் கம்ப்யூட்டரிடமே கேட்டுக்கொள்கிறேன் என்று கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். பதிமூன்றாவதில் பாதியைக் கொடுத்து அனுப்பியபின் அந்த சிடியை அப்பாவே மூர்த்தியின் மேசையில் எறிந்துவிட்டு வந்தார்.

மூன்றாவது ‘கணக்குராஜா’. இது ஒழுங்கானது. கடைக்குத் தனிப் பக்கம், ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பக்கம், வாடகையை மொத்தமாகப் போட்டாலும் முறைத்துக்கொள்ளவில்லை. குடியிருக்கும் வீட்டைக் காட்டினோம். வேறு வீடு உண்டா என்றது. உண்டு, மாடி, காலி என்று போட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அந்த வீட்டுக்கு நேராக இரண்டு மூன்று ஆங்கில வார்த்தைகளைக் காட்டியது. அப்படியே வாசித்தேன்.

“அப்பா, மாடி போர்ஷன் ‘டீம்டு லெட் அவுட்’னு வருது.”

“வாடகைக்கு வுட்டாச்சுன்னா? யாருக்கு?”

“டீம்டு.”

அப்பா ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். “டீம்டா? யாரு அவன்? என்னைக் கேக்காம மாடியில எப்பிடிடா வந்தான்?”

“பேரைப் பாத்தா வேதக்காரங்க மாதிரி இருக்குது” என்றார் அம்மா.

“எந்த ஊருன்னு போட்டிருக்குதா பாரு. ஊர்ல எந்தப் பக்கம்னு போட்டிருக்குதா?”

அத்தை, இல்லாத ஒருவன், ரத்தமும் எலும்பும் கிடையாது, வெறும் வார்த்தை, அவனிடமும் முதலில் கேட்கத் தோன்றியது இதுதான். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு விளக்கினேன். டீம்டு என்றால் ஆள் இல்லை, ‘கருதப்படுகிறது’ என்று அர்த்தம். குடியிருக்கிற வீடு ஒன்றுக்குத்தான் விலக்கு. இரண்டாவது வீட்டைப் பூட்டி வைத்தாலும் வாடகைக்கு விட்டதாகவே சர்க்கார் கருதும், வராத வாடகைக்கும் வரி போடும் என்றேன்.

“வாடகை வந்ததா அவங்களா நெனச்சுக்குவாங்களா?”

“ஆமா.”

“அப்ப நானும் வரி கட்டிட்டதா நெனச்சுக்கறேன்னு எழுதிப் போடு.”

அது முடியாது என்றதும் கோபம் சாஃப்ட்வேர்மேல் திரும்பியது. இந்த மாதிரியெல்லாம் நினைக்காத சாஃப்ட்வேர் இருக்கிறதா என்று மூர்த்தியிடம் போய்க் கேட்டார். அந்த மனிதரும் கூசாமல், “இருக்குது சார், மெட்ராஸ்ல இருந்து வரணும்” என்றார். ஆடிட்டருக்குப் போன் செய்தால், எந்த சிடியைப் போட்டாலும் சட்டம் ஒன்றுதான் என்று சொல்லி, சொன்னதற்கு ஃபீஸ் கேட்டார். இரண்டு வீட்டிலும் நானே குடியிருப்பதாகக் காட்டிவிடலாம் என்று அப்பா மத்தியானத் தூக்கத்தை மாடிக்கு மாற்றினார். தலையணை, விசிறி, சொம்போடு மேலே போவார், கீழே வருவார். அதுவும் செல்லாது என்று தெரிந்தது. இரண்டு நாளாகக் கடைக்குப் போகும்போதும் வரும்போதும் மாடியை அண்ணாந்து பார்க்கிறார், வாடகை பாக்கி வைத்திருப்பவனைப் பார்ப்பதுபோல.

இவ்வளவு நடந்தும் ஓவியாவுக்குக் கொடு என்றால் பழைய பாட்டுதான்: “எங்க அக்கா வருதுன்னு சொல்லிட்டேன்டா, வாக்கு மாற முடியாது.” இவர் திருந்துவார் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. ஆகவே நீங்கள் தயவுசெய்து மாதம் முடிவதற்குள் ஒரு நடை நேரில் வந்து, நான் குடி வரவில்லை, அந்தப் பெண்ணுக்குக் கொடு என்று உங்கள் வாயால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். உங்கள் தம்பி பயப்படுவது உங்களுக்கு ஒருவருக்குத்தான். ‘எந்தப் பக்கம்’ என்று நீங்களும் கேட்பவரா என்பது எனக்குத் தெரியாது. கேட்க மாட்டீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் சரியாகக் கேட்கவில்லை என்று சாதித்துவிடுவார், நேரில்தான் வர வேண்டும்.

மாமா ‘கணக்குராஜா’வையே வாங்கலாம். சம்பளக்காரர்களுக்கானதை யார் தலையில் கட்டினாலும் வாங்க வேண்டாம். கரண்ட் இருக்கும்போதே சேமித்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அனுப்பிவிட்டு, கடைசியில் ஒரு தாளில் அச்சடித்துக் கையெழுத்துப் போட்டு ஆபீசில் நேரில் கொடுக்க வேண்டும், இதுதான் நவீனம். பின்கட்டு காலியாக இருந்தால் அங்கேயும் டீம்டு வந்துவிடுவார், உஷார்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் தேவிப்ரியா பரீட்சையில் பாஸானதற்கு அம்மா இங்கிருந்தே திருஷ்டி சுற்றிப் போட்டார். உங்கள் ஆசியும், முடிந்தால் உங்கள் வருகையும் வேண்டும்,

உங்கள் அன்புள்ள,
அ. விமல்ராஜ்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது வெளியே சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அப்பா ஆணி பிடுங்குகிற சுத்தியலோடு கேட்டில் நின்று சைவப் பலகையைக் கழற்றுகிறார். காலையில் அவராகவே ஆஸ்பத்திரிக்குப் போய் ஓவியாவைக் கூப்பிட்டிருக்கிறார். வாடகை வந்ததாக வரி வாங்கினால், நான் வாடகையை வாங்கிக்கொண்டே கட்டுகிறேன், இதில் என்ன தப்பு என்று என்னையே கேட்கிறார். எதிர்வீட்டுக்காரர் வந்து, “காலனிக்காரங்களுக்கா வுட்டீங்க?” என்று இழுத்தார். “நான் எங்க வுட்டேன்? வருமான வரிக்காரன் போன வருஷமே வுட்டுட்டான். நான் சாவியைத்தான் குடுக்கறேன்” என்றார் அப்பா. நான் தொண்டை வற்றப் பேசி நடக்காததை ஒரு சிடி செய்துவிட்டது, அதுவும் தப்பான காரணத்துக்காக. இருந்தாலும் நடக்கட்டும் என்று இருந்தேன்.

மத்தியானம் காசியம்மாள் ஓவியாவோடு வந்தார். மோரை வேண்டாம் என்றுவிட்டார். குழாயைத் திறந்து பார்த்தார், ஜன்னல் தாழ்ப்பாள் ஒவ்வொன்றையும் போட்டு எடுத்தார், பிறகு கீழே வந்து, “வீட்ல யார் யாருங்க இருக்கீங்க?” என்று கேட்டார். நான், என் சம்சாரம், பையன் என்றார் அப்பா.

“பையன் எங்க வேலைக்குப் போறாரு?”

“இன்னும் ஒண்ணும் அமையலை.”

“எம் பொண்ணு நைட் டூட்டி பாத்துட்டு வந்து பகல்ல தூங்கறவ. வேலைவெட்டி இல்லாத வயசுப் பையன் நாள் பூரா வீட்லயே கெடந்தா சரிப்பட்டு வராதுங்க. எங்க பக்கத்துல அதெல்லாம் பாப்போம்.”

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, “அதுக்கு இன்னாம்மா, அவனை அவங்க அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டாப் போச்சு. அங்க ஜெராக்ஸ் கடை இருக்குது” என்றார். அம்மா பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருக்கிறார். ஓவியா சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

ஆகவே நீங்கள் வர வேண்டாம் அத்தை. நான் வருகிறேன். எத்தனை நாளைக்கு என்பதைக் காசியம்மாளைத்தான் கேட்க வேண்டும்.