கண்மாய்க் கரையில் ஒரு துவக்கவிழா

எந்தக் காரியமும் தானாகத் தொடங்கிவிடக் கூடாதே என்று கவலைப்படும் ஓர் இனம் உண்டு; பார்த்திருப்பீர்கள். சங்கத் தலைவர் என்பார்கள். நாலு பேர் சேர்ந்து எதையாவது செய்ய முனைந்தால் போதும், மாலைக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்து நிற்கும்.

நாச்சியாபுரத்துக்குப் பக்கத்து ஊரில், எழுபத்திரண்டில், மீன் வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு அப்படி வாய்த்தவர் சேவுகன். கண்மாயில் மீன்குஞ்சு விட ஒரு விழா, பெயர்ப்பலகை மாட்ட ஒரு விழா, அதில் எழுத்துப்பிழை திருத்த ஒரு விழா என்று நடத்தி, ஒவ்வொன்றிலும் "இந்த வட்டாரமே நிமிரப் போகிறது" என்று முழங்கி, சோடா குடித்து, மாலையைக் கழற்ற மனமில்லாமல் வீடுவரை போட்டுக்கொண்டே போனவர். வருஷம் பூராவும் தவிடும் பிண்ணாக்கும் சுமந்து மீனுக்குத் தீனி போட்டது யார்? அழகியும் மற்ற உறுப்பினர்களும். அவர்களுக்கு மாலை எதற்கு?

கோடையில் கண்மாய் வற்றியது. மீன்பிடி நாளில் கரையில் நின்று ஊர்ப் பெரியவர் துண்டை வீசினால்தான் மற்றவர்கள் தண்ணீரில் கால் வைப்பார்கள். அது ஊர் வழக்கம். சங்கம் வந்தபின் அந்த உரிமை தலைவருக்கு. சேவுகன் தோளில் துண்டு இருந்தது. ஆனால் மனசில் யூனியன் சேர்மன் துண்டை வீசிக்கொண்டிருந்தார், பக்கத்தில் சேவுகன் நின்றார், காரைக்குடி ஸ்டூடியோக்காரர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, தண்ணி முழங்காலுக்குக் கீழ எறங்கிருச்சு. மீனெல்லாம் வாயப் பொளந்துக்கிட்டு மேல வருது. காரைக்குடி யாவாரி லாரியோட நிக்கிறாரு. துண்ட வீசுறீகளா இல்லையா?" என்றாள் அழகி.

"பொறு ஆத்தா. சேர்மன் கையால வீசுனாத்தான் சங்கத்துக்கு மதிப்பு. நாளைக்கு வந்துருவாக."

சேர்மன் வரவில்லை, வேறோர் ஊரில் பாலம் திறக்கப் போய்விட்டார். வெயில் மட்டும் அழைப்பில்லாமல் வந்தது. சூடேறிய தண்ணீரில் ஒரு வருஷத்து உழைப்பு செத்து மிதந்தது. லாரி வெறுமனே திரும்பியது. அட பாவி மனிதா, ஒரு துண்டை அசைக்க உனக்கு இன்னொருத்தர் கையா வேண்டும்?

மறுநாள் வந்தார் சேர்மன். கரை ஏறியதும் நாற்றம் தாங்காமல் துண்டை உருவி முகத்துக்கு முன்னால் விசிறினார். அதற்காகவே காத்திருந்தவர்போல, "சேர்மன் அவர்கள் துவக்கி வைத்துவிட்டார்!" என்று கைதட்டினார் சேவுகன்.

அழகி கூடையோடு சேற்றில் இறங்கினாள். "செத்ததப் பொறுக்கவாச்சும் உத்தரவு குடுத்தீகளே" என்றாள்.

அந்தக் காலத்து ஆள் என்று சிரிக்காதீர்கள். இன்று உங்கள் வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். யார் வந்து முதல் கவளம் எடுக்க வேண்டுமாம்?