மாலூம் பாபுவும் என் கனத்த கால்களும்

அந்தமானில் மாலூம் பாபுவுக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று கிடையாது. கடலுக்கடியில் எந்த மீன் எந்த மீனை முறைக்கிறது என்பது வரைக்கும் தெரியும். கேட்டால் "மாலூம் ஹை" என்பார். தெரியும் என்று அர்த்தம். யார் எதைச் சொன்னாலும், சொல்லி முடிப்பதற்குள் அதுதான் பதில். அவருடைய சொந்தப் பெயர்தான் எங்கள் யாருக்கும் மாலூம் இல்லை.

கல்யாணமானதும் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து கப்பலேறி வந்தவள் நான். குடியிருந்தது பாம்பூஃப்ளாட்டில். வீட்டுக்காரருக்கு லாங் ஐலண்டில் மரம் வெட்டும் வேலை. நான் தினமும் படகில் அக்கரைக்குப் போய், மேடேறி, ஒரு சர்க்கார் ஆபீசில் தண்ணீர் சுமந்து டீ போட்டுக் கொடுத்தேன். பாபு அங்கே பெரிய கிளார்க். தீவிலேயே பிறந்து வளர்ந்த இந்திக்காரர்.

மெயின்லேண்ட் கப்பல் செவ்வாய்க்கிழமை வருகிறது, எனக்கு மாலூம் என்று பாபு ஒருமுறை தன் மைத்துனரை வரவேற்க மாலையோடு ஜெட்டிக்குப் போனார். கப்பல் வெள்ளிக்கிழமைதான் வந்தது. வாடிப்போன மாலையைப் பார்த்து எல்லோரும் சிரித்தபோது, "மாலூம் தா" என்றாரே பார்க்கலாம். அதுவும் முன்பே தெரியுமாம்!

ஒரு நாள் அவருடைய டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டேன். கொடுத்த பிறகுதான் தெரிந்தது. திரும்ப ஓடி, "பாபுஜி, நமக்! நமக்!" என்று கத்தினேன்.

"மாலூம் ஹை" என்று முழு டம்ளரையும் முகம் சுளிக்காமல் குடித்து முடித்தார். அன்று முழுக்கத் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார். சுமந்தது நான்.

இவரிடம்தான் நான் லீவு கேட்க வேண்டி வந்தது. எட்டு மாதக் கர்ப்பம். பிரசவ லீவு ஒன்பதாம் மாதம் தொடங்கிய பிறகுதான் என்று முன்பே சொல்லியிருந்தார். அதுவரை தாங்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கால்கள் வீங்கிக் கிடந்தன. குடத்தோடு மேட்டில் விழுந்தால் வயிற்றுப் பிள்ளை என்ன ஆகும்?

ஆண்களிடம் பேசவே எனக்குக் கூச்சம். அதிலும் இந்தியில்! லீவு என்று வாய்விட்டுக் கேட்க வராது. காலின் கனத்தைச் சொன்னால் அவரே புரிந்துகொள்வார் என்று படகில் சொல் சொல்லாகச் சேர்த்தேன். கால் என்றால் பைர். கனம் என்றால் பாரி.

"பாபுஜி, மேரா பைர் பாரி ஹை."

அவர் என் வயிற்றைப் பார்த்தார். "மாலூம் ஹை."

மறுநாளும் சொன்னேன். மாலூம் ஹை. அதற்கு மறுநாள் அழாத குறையாகச் சொன்னேன். "அரே பாபா, ஸப்கோ மாலூம் ஹை!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். எல்லோருக்கும் தெரியுமாம்! தெரிந்துமா இந்த மனிதர் சும்மா இருக்கிறார் என்று எனக்கு ஆத்திரம்.

டைப்பிஸ்ட் சரோஜா அக்காவிடம் போய்ப் புலம்பினேன். அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள்.

"அடியே, பைர் பாரின்னா அவங்க பாஷையில முழுகாம இருக்கேன்னு அர்த்தம்டி! இம்மாம்பெரிய வயித்தைத் தள்ளிக்கிட்டுப் போயி, தெனமும் முழுகாம இருக்கேன், முழுகாம இருக்கேன்னா அந்த மனுசன் வேற என்ன சொல்லுவாரு?"

"கால் கனக்குதுன்னுல்லக்கா சொன்னேன்!"

"கனக்குறத வாயால சொல்லாத. காட்டு."

என் கூச்சம் எங்கே போனதோ, நேரே அவர் முன்னால் போய் நின்றேன். ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்து, சேலையைக் கணுக்காலுக்கு மேல் இழுத்து, கட்டைவிரலால் வீக்கத்தை அழுத்தினேன். குழி விழுந்தது. விழுந்த குழி எழவே இல்லை.

பாபு அந்தக் குழியையே பார்த்தார். பிறகு மெதுவாக, "யே மாலூம் நஹி தா" என்றார். இது தெரியாது என்று அவர் சொன்னதை ஆபீசே எழுந்து நின்று கேட்டது.

"ஆஜ் ஸே சுட்டி!" இன்றிலிருந்தே லீவு. மூலையிலிருந்த குடையை எடுத்துக்கொண்டு அவரே கிளம்பிவிட்டார். நான் ஓர் அடி வைத்தால் அவரும் ஓர் அடி. ஜெட்டியில் படகோட்டும் சாரங்கைக் கூப்பிட்டு, குலுங்காமல் போக வேண்டும் என்று திட்டினார். அவன் அதுவரை குலுக்கவே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரை எழுப்பிவிட்டு, என்னைக் காலை நீட்டி உட்காரச் சொன்னார்.

பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துப் போக ஊரில் அண்ணன் வருவான். கடல் தாண்டி வர எனக்கு அண்ணன் இல்லை. குடை பிடித்துக்கொண்டு, வழி நெடுக யாரையாவது அதட்டிக்கொண்டு அவர்தான் வந்தார்.