ஒரு கெடாவின் எதிர்கால வருமானம்

பொறுமை இல்லாதவர்கள் சட்டம் படிக்கக் கூடாது என்று யாராவது ஒரு சட்டம் போட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். நான் பேசாமல் பி.காம் முடித்துவிட்டு ஜெயங்கொண்டத்தில் ஏதோ ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருப்பேன். அரியலூர் பெரம்பலூர் சாலையில் ரெண்டு பக்கமும் வண்டிகள் வரிசைகட்டி நிற்க, செத்துப்போன ஆட்டுக்காக நடுரோட்டில் நின்று வாதாடியிருக்க மாட்டேன்.

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைப்பேன், பஸ் நிற்பதற்குள் படியில் நிற்பேன், எதிராளி சொல்ல வருவதை நானே சொல்லி முடிப்பேன். (பெரும்பாலும் தப்பாக.) "காலுல சக்கரத்தக் கட்டிக்கிட்டு வந்து பொறந்திருக்கு" என்பது அம்மாவின் நிரந்தரத் தீர்ப்பு. அப்படிப்பட்ட நான் பன்னிரண்டாம் வகுப்பில் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்தேன். அகில இந்திய அளவில் நடக்கும் தேர்வு. தேறினால் பெரிய ஊரில், பெரிய கல்லூரியில் இடம். எங்கள் சொந்தத்தில் கோர்ட் வாசலை மிதித்தவர்கள் எல்லாம் வாய்தாவுக்குப் போனவர்கள்தான். அதனால் அப்பா ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரு தடவ எழுது. கெடைச்சா போ. கெடைக்கலன்னா அழுவாம பி.காம் சேர்ந்துரணும்."

சரி என்றேன். அப்பா நிபந்தனையை முழுதாகச் சொல்லி முடிப்பதற்கு முன்பே சரி என்றேன்.

மீன்சுருட்டியில் இதற்கெல்லாம் வகுப்பு கிடையாது. போனில்தான் பாடம். போனுக்கு எங்கள் வீட்டு மாடிப்படியில் மட்டும்தான் சிக்னல். படியில் ஏறி இறங்கிக்கொண்டே படித்தேன். உட்கார்ந்து படிக்க வராத எனக்கு அதுவே வசதியாகவும் இருந்தது. ஒரு பத்தி கொடுப்பார்கள். அதில் ஒரு சட்ட விதி, ஒரு சம்பவம். சொந்த அறிவைப் பயன்படுத்தாமல், கொடுத்த விதியைக் கொடுத்த சம்பவத்துக்குப் பொருத்திப் பதில் சொல்ல வேண்டும். (சொந்த அறிவு வேண்டாம் என்றதுமே இந்தத் தேர்வு எனக்காகவே வைக்கப்பட்டது என்று தம்பி சொன்னான்.)

எனக்குப் பிடித்தது புலிக் கேள்விதான். சட்டப் புத்தகங்களில் ஆளாளுக்குப் புலி வளர்க்கிறார்கள். புலி தப்பித்துப் போய் யாரையாவது கடித்தால் வளர்த்தவர்தான் முழுப் பொறுப்பு. ஜாக்கிரதையாக இருந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. ஒரு மாதிரித் தேர்வில் புலி தப்பியது, பக்கத்து வீட்டுக்காரர் ஓடி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். புலிக்காரரே பொறுப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு பதில் போட்டேன். தப்பு. பத்தியின் கடைசி வரியில், கூண்டைத் திறந்துவிட்டதே அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான் என்று இருந்தது.

எங்கள் ஆன்லைன் சார் சாந்தமானவர். "கடைசி வரியையும் படிம்மா" என்பார். ஒவ்வொரு தேர்விலும் சொன்னார். ஒருமுறை அந்த வாக்கியத்தையே அவர் முடிப்பதற்குள், "புரிஞ்சுது சார்" என்று சொல்லிவிட்டேன்.

தேர்வு மார்கழியில் வந்தது. பெரம்பலூரைத் தாண்டி ஒரு கல்லூரியில் மையம். மதியம் தேர்வு, ஒன்றரை மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். அப்பா வயலுக்கு மருந்தடிக்க ஆள் சொல்லியிருந்ததால் துணைக்கு அம்மா வந்தார். அம்மா பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். தட்டோடு அலைமோதும் பிள்ளைகளை ஒரே அதட்டலில் வரிசையில் நிற்க வைக்கிற குரல் அவருக்கு. புறப்படும்போது பனி என்று சொல்லி என் வெள்ளைச் சுடிதாருக்கு மேல் ஒரு கறுப்பு ஸ்வெட்டரை மாட்டிவிட்டார். கையில் ஹால் டிக்கெட் வைத்த ஃபைல். இந்த உடுப்பு பின்னால் என்ன வேலை செய்யப்போகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அரியலூரில் பஸ் மாறி, சிமென்ட் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து பாதி தூரம் போயிருப்போம். பஸ் நின்றது. முன்னால் லாரி, அதற்கு முன்னால் லாரி. டிரைவர் இன்ஜினை அணைத்தார். வாட்சைப் பார்த்தேன். உடனே மறுபடியும் பார்த்தேன்.

"அதப் பாத்துப் பாத்து முள்ளு தேஞ்சிரப் போவுது. ஒக்காரு" என்றார் அம்மா.

கண்டக்டர் முன்னால் போய் விசாரித்துவிட்டு வந்தார். "ஆட்ட ஒரு லாரி அடிச்சிருச்சாம். ரோட்ட மறிச்சிட்டாங்க. பேசி..."

அவர் பேசி என்றபோது நான் படியில் இருந்தேன். அதற்கடுத்த சொல் வந்தபோது ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தேன்.

சாலையின் குறுக்கே ரெண்டு கல், ஒரு மரக்கிளை. நடுவில் சாக்குப் போட்டு மூடிய ஆடு. அதன் பக்கத்தில் ஓர் அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பெயர் அஞ்சலை என்பது பிறகு தெரிந்தது. லாரி டிரைவர் நாமக்கல் பக்கத்து ஆள். போனை வானத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கூட்டம் வெள்ளை உடுப்பையும் கறுப்பு ஸ்வெட்டரையும் ஃபைலையும் பார்த்து வழிவிட்டது.

"வக்கீலம்மா வந்துட்டாங்க, நவுருங்க" என்று யாரோ சொன்னார்கள்.

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் சொல்லவில்லை. மாடிப்படியில் மாதக்கணக்கில் ஏறி இறங்கியவளுக்கு ஒரு கூட்டம் தானாக வழிவிட்டால் என்ன ஆகும்? தலை கிறுகிறுத்துவிட்டது.

"இதுக்கு எதுக்கு இவ்வளவு நேரம்? சட்டத்துல தெளிவா இருக்கு" என்று ஆரம்பித்தேன். "லாரி ஆபத்தான பொருள். அத ரோட்டுக்குக் கொண்டாந்தவங்கதான் முழுப் பொறுப்பு. புலி வளக்கிற மாதிரி."

"புலியா?" என்றார் டிரைவர்.

"ஆட்டோட விலை மட்டும் குடுத்தா பத்தாது. எதிர்கால வருமான இழப்புன்னு ஒன்னு இருக்கு. இந்த ஆடு உயிரோட இருந்தா வருஷா வருஷம் குட்டி போடும். அந்தக் குட்டிங்களும் குட்டி போடும். அதெல்லாம் யாரு குடுக்கிறது?"

அஞ்சலை எழுந்து நின்றார். அவர் கண்ணில் ஒரு மந்தையே தெரிந்தது. "கேட்டியா டிரைவரு? குட்டியோட குட்டிக்கும் சேத்துக் குடு."

"என்னங்கம்மா இது? இப்பத்தான..." என்று டிரைவர் ஏதோ சொல்ல வந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அவர் முகம் வாடிப்போனது. பிறகு, "மேடம், அப்ப எனக்குன்னு சட்டத்துல ஒரு பாயிண்டுமே இல்லிங்களா?" என்று கேட்டார்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் என்னை மேடம் என்கிறார். கேட்டவருக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது?

"ஏன் இல்ல? ஆட்டக் கட்டாம ரோட்டுல விட்டது அவங்க கவனக்குறைவு. அவங்க பங்குக்கு நஷ்டஈட்டுல பாதி கழியும்."

"அப்படிப் போடுங்க" என்றார் டிரைவர்.

"நீ யாரு பக்கம்மா பேசுற?" என்றார் அஞ்சலை.

நான் எந்தப் பக்கமும் இல்லை. நான்கு விடைகளில் ரெண்டை அடித்துவிட்டு மீதி ரெண்டுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். அதற்குள் கூட்டம் ரெண்டாகப் பிரிந்துவிட்டது. குட்டிகளின் கணக்கைச் சிலர் போட, கவனக்குறைவைச் சிலர் பிடித்துக்கொள்ள, சத்தம் ஏறியது. மணியும் ஏறியது. பஸ் எங்கோ பின்னால் நின்றது. எதையாவது சொல்லி முடித்துவிட வேண்டும் என்று, "முதல்ல அது போடப்போற குட்டிய..." என்றேன்.

டிரைவர் குனிந்து சாக்கை விலக்கினார்.

"மேடம், இது கெடாங்க."

கொம்பும் தாடியுமாக அது படுத்திருந்தது. ஓர் ஆண்மகனின் பிரசவங்களுக்கு நான் அதுவரை நஷ்டஈடு கேட்டுக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அஞ்சலைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "கெடான்னா வருமானம் இல்லியா? இந்தச் சுத்துப்பட்டுல பாதிக் குட்டிக்கு இவன்தான் அப்பன்" என்றார். சண்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

பெட்டிக்கடைக்காரர் ஒருவர் என்னைத் தனியாக இழுத்து மெதுவாகச் சொன்னார். "எல்லாம் அப்பவே பேசி முடிச்சாச்சு, வக்கீலம்மா. டிரைவரு என் போனுக்குப் பணம் போட்டுட்டாரு. சிக்னல் இல்லாம சுத்திக்கிட்டு இருந்துச்சு. வந்ததும் நான் அஞ்சலைக்குக் காசா எடுத்துக் குடுக்கிறதா ஏற்பாடு. இந்நேரம் ரோட்டத் தொறந்திருப்போம். நீங்க வந்தீங்க."

கண்டக்டரின் வாக்கியம் அப்போதுதான் என் காதில் முழுதாக விழுந்தது. பேசி முடிச்சிட்டாங்களாம். நான் திறந்துவைக்க வந்த ரோட்டை நானே மூடியிருந்தேன். பரிட்சை போனது, சட்டம் போனது, பி.காம் வா வா என்று கூப்பிட்டது. வாயை மூடிக்கொண்டு அழுதேன்.

அப்போது சத்துணவுக் கூடத்துக் குரல் கேட்டது.

"எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க."

மொத்தக் கூட்டமும் தட்டேந்திய பிள்ளைகள்போல் அடங்கியது. அம்மா பைகளோடு வந்து நின்றார். "இது வக்கீல் இல்ல. வக்கீலுக்குப் படிக்கிறதுக்குப் பரிட்ச எழுதப் போவுது. அதையும் இன்னும் எழுதல. ஒன்றரைக்குக் கேட்ட மூடிருவாங்க. மன்னிச்சுக்கங்க."

அஞ்சலை என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். (இதையும் முந்திக்கொண்டுதான் நினைத்தேன்.)

"பரிட்சையா?" என்றார். "ஏன்டி, பரிட்சைய வச்சிக்கிட்டா இங்க நின்னு பஞ்சாயத்துப் பண்ணிக்கிட்டு இருக்க?" பிறகு டிரைவரிடம் திரும்பினார். "யோவ், மொதல்ல பேசின பேச்சுதான் பேச்சு. கெடாவத் தூக்கி வண்டியில போடு. பாப்பாவையும் அவங்க அம்மாவையும் ஏத்து. பஸ்ஸு இப்ப நவுராது."

"பணம் இன்னும் வரலியே, அஞ்சல" என்றார் பெட்டிக்கடைக்காரர்.

"வரப்ப வரட்டும். பரிட்ச நிக்குமா?"

கல்லை உருட்டினார்கள், கிளையை இழுத்தார்கள். என் சட்டத்தால் ஆகாதது பரிட்சை என்ற ஒரு சொல்லில் ஆனது. வரிசையில் முதலில் நின்ற லாரிதான் முதலில் கிளம்பியது. பணம் கொடுத்தவருக்கே ஆடு என்பது அங்கே வழக்கம். மேலே சிமென்ட் மூட்டைகள் இருந்ததால் கெடா எங்களோடு முன்னால் ஏறியது. சாக்கில் சுற்றி என் காலடியில் வைத்தார்கள். அதை மிதிக்காமல் இருக்கக் காலைத் தூக்கிக்கொண்டே வந்தேன். வாழ்க்கையிலேயே நான் அசையாமல் உட்கார்ந்த ஒரே பயணம் அதுதான்.

கேட்டை இழுத்துக்கொண்டிருந்தபோது போய்ச் சேர்ந்தோம். ஓடினேன். காவலாளி என் சுடிதாரைப் பார்த்தார். கீழ்ப்பக்கம் முழுக்க ரத்தம், மேலே சிமென்ட் தூசி.

"என்னம்மா இது?"

"ஒன்னுமில்லிங்க, ஆட்டு ரத்தந்தான்" என்று பின்னாலிருந்து அம்மா ஆறுதல் சொன்னார். காவலாளி அதற்கு மேல் எதுவும் கேட்காமல் ஒதுங்கி நின்றார்.

இனி ஒருபோதும் அவசரப்பட மாட்டேன் என்று சத்தியம் செய்துகொண்டு கேள்வித்தாளைப் பிரித்தேன். ஒவ்வொரு பத்தியையும் கடைசி வரி வரை படித்தேன். சந்தேகத்துக்கு இன்னொரு முறையும் படித்தேன். சம்பவத்தில் வருகிற ஆள் யார், மாடா ஆடா, ஆணா பெண்ணா என்று எல்லாவற்றையும் சரிபார்த்தேன். பாதித் தாளைத் தாண்டுவதற்குள் மணி அடித்துவிட்டது. போட்ட விடைகள் பெரும்பாலும் சரி. போடாததுதான் நிறைய. தேறவில்லை.

அப்பா நிபந்தனையை நினைவுபடுத்தினார். நான் அழாமல் பி.காமுக்குத் தயாரானேன். அம்மாதான் அரசு சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கிவந்து மேசையில் வைத்தார். அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கே போதும்.

"லாரியில ஏத்திவிட்ட சனத்துக்கு என்ன பதில் சொல்றது? பணம் வர்றதுக்குள்ள ரோட்டத் தொறந்துவுட்டாளே அந்தப் பொம்பள" என்றார். அப்பா விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். நான் வக்கீலானது அப்படித்தான்.

வீட்டில் ஒரு கேள்வி மட்டும் நிலைத்துவிட்டது. நான் எதைப் பற்றிக் கருத்துச் சொல்ல வாயெடுத்தாலும், "மொதல்ல கெடாவா பொட்டையான்னு பாத்தியா?" என்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்தபோதும் அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார். இப்போது என் கணவரும் கேட்கிறார்.

போன வருஷம் அரியலூர் கோர்ட் வளாகத்தில் ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். முடி நரைத்திருந்தாலும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"அந்தப் பரிட்சைய எழுதிட்டியா?" என்றார் அஞ்சலை.

"எழுதினேன். ஃபெயிலு."

"அதான கேட்டேன்" என்று உட்கார்ந்தார். பக்கத்து நிலத்துக்காரன் வண்டிப்பாதையை அடைத்துவிட்டானாம். பாதை உரிமை. எந்தப் பிரிவு, எந்த மனு, யாருக்கு முதலில் நோட்டீஸ் என்று எல்லாம் நாக்கு நுனிக்கு வந்து நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். தாத்தா காலத்துப் பங்காளிச் சண்டையிலிருந்து ஆரம்பித்து வேலி, வாய்க்கால், புளியமரம் என்று எல்லாவற்றையும் சுற்றி, டீ ஆறிப்போகும்வரை சொன்னார். நான் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை.

"அப்பறம்?" என்றேன்.

"அப்பறம் என்ன? நேத்தே பேசி முடிச்சாச்சு. இங்கதான் இருக்கியாமே, ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று எழுந்தார் அஞ்சலை.