சாணி வண்டு உருட்டிய சாட்சி

ஒரு காட்டில் ஏகாம்பரம் என்று ஒரு சிறுத்தை இருந்தது. காட்டின் விளிம்பில் உள்ள மொட்டைக்குன்று அதற்குச் சொந்தம். பட்டா கிட்டா எல்லாம் கிடையாது. குன்றின் அடிவாரத்தில் பாதையோரமாக ஒரு தட்டைப் பாறை. தினமும் காலையில் ஏகாம்பரம் அதன்மேல் வெளிக்குப் போய்விட்டு வரும். பாறைமேல் எச்சம் யாருடையதோ, குன்று அவருடையது. அந்தக் காட்டின் சட்டம் அவ்வளவுதான். நம் ஊர்ப் பத்திரப் பதிவை நினைத்தால் இது சுத்தமான ஏற்பாடு.

ராஜா சிங்கம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பக்கம் சிங்கமெல்லாம் கிடையாது, புலிதான். ஊர் ஆட்டைத் தொடக்கூடாது என்பது புலிராஜாவின் கண்டிப்பான உத்தரவு. தொட்டால் ஜனங்கள் கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். உத்தரவை மீறியவரை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் துரத்திவிடுவார்கள். அந்தப் பக்கம் ஒரு கல்குவாரியும் ஒரு புரோட்டாக் கடையும்தான் இருந்தன.

ஏகாம்பரத்துக்கு ஆட்டின்மேல் ஆசையே இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஒரு மாலை, குன்றுப் பக்கம் மேய வந்த ஒரு கிடாயைப் பிடித்துவிட்டது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் சரியாக மெல்லக்கூட இல்லை. முடியும் எலும்புமாக அப்படியே விழுங்கிவைத்தது.

கிடாயின் அக்கா பூவாத்தா புலியிடம் போய் அழுதது.

"ஐயா, என் தம்பியக் காணல. அந்தச் சிறுத்தைதான் தின்னிருக்கு. தம்பி அந்தப் பாறைப் பக்கந்தான் மேய்ஞ்சுக்கிட்டு இருந்தான்."

முன்பெல்லாம் இப்படி வழக்கு வந்தால் புலி நரியைக் கூப்பிட்டு உதைக்கும். வழக்கு முடிந்துவிடும். இந்த முறை நரி முந்திக்கொண்டது.

"மகாராஜா, இப்பதான் டி.என்.ஏ. டெஸ்டு வந்திருச்சே. எச்சத்தையும் முடியையும் வச்சே எந்த மிருகம்னு சொல்லிடறாங்க. அதப் பாத்துட்டு அப்புறமா என்னை உதைங்க."

சோதனைக்கு டாக்டர் உருண்டையப்பனை அழைத்தார்கள். அது சாணி வண்டு. வெளியூரில் படித்தது. யாராவது கேள்வி கேட்டால் கோபம் வரும் அளவுக்குப் படித்திருந்தது.

"எச்சம் குடலை உரசிக்கிட்டுத்தான் வெளிய வருது. மேல ஒட்டியிருக்கிற பிசுபிசுப்பு போட்டவரோடது. அவர் என்ன இனம்னு அதுலதான் இருக்கும். உள்ள இருக்கிறது வெறும் சாப்பாடு" என்று சபைக்கு விளக்கியது.

அதைக் கேட்டதிலிருந்து ஏகாம்பரம் வெளிக்குப் போவதையே நிறுத்திவிட்டது. பாவம், வாலை இடுக்கிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தது. அதற்குள் அடுத்த குன்றின் இளஞ்சிறுத்தை வந்து பாறையை மோந்து பார்த்தது.

"பாறை காஞ்சு கிடக்கே. பெரியவர் போய்ச் சேந்துட்டாரா?"

போகாவிட்டால் குன்று போய்விடும். போனால் மாட்டிக்கொள்ளும். ஏகாம்பரம் யோசித்துக்கொண்டே இருந்தது. வயிறு யோசிக்கவில்லை. மறுநாள் காலை பாறை நிறைந்தது.

வண்டு வந்து மாதிரி எடுத்தது. ஆய்வகம் மலைக்கு அந்தப் பக்கம். என்னதான் படித்தாலும், சாணி வண்டுக்கு ஒரு பொருளைக் கொண்டுபோகத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். மாதிரியை உருண்டையாகப் பிடித்து, தலைகீழாக நின்று, பின்னங்காலால் உருட்டிக்கொண்டே போனது. கல்லிலும் மண்ணிலும் உருண்டதில் மேலே இருந்த பிசுபிசுப்பெல்லாம் வழியிலேயே தேய்ந்துபோயிற்று. ஆய்வகம் போய்ச் சேர்ந்தது உள்ளே இருந்த சாப்பாடு மட்டும்தான்.

முடிவு சொல்லும் நாள் வந்தது. தூரத்தில் நெடுஞ்சாலையில் லாரி ஹாரன் கேட்கும்போதெல்லாம் ஏகாம்பரத்தின் கண்முன் அந்தக் கல்குவாரியும் புரோட்டாக் கடையும் வந்து நின்றன.

வண்டு தொண்டையைச் செருமியது. "மாதிரியில இருந்த முடி, ஆட்டு முடி. எலும்பு, ஆட்டு எலும்பு. டி.என்.ஏ.வும் ஆட்டோடதுதான். ஆகவே பாறைமேல போட்டது ஒரு ஆடு."

பூவாத்தா திகைத்துப்போனது. "ஆட்டுக்குப் புழுக்கைதானேய்யா வரும்? இது என் கால் தண்டி இருந்துச்சே."

"நீ என்ன படிச்சிருக்க?" என்றது வண்டு.

புலி தீர்ப்பு சொன்னது. "ஆடு ஆட்டைத் தின்னா அது குடும்ப விவகாரம். அதுல நான் தலையிட முடியாது. வழக்கு தள்ளுபடி. எதுக்கும் நரிய ஒரு உதை விட்டு அனுப்புங்க."

ஏகாம்பரத்துக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. சபைக்கு மரியாதை கொடுத்து வாலை மட்டும் ஆட்டிக்கொண்டது.

பூவாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டது. தம்பி திரும்பி வரப்போவதில்லை என்பது அதற்குத் தெரியும். அழுதால் இந்தச் சபையில் ஒன்றும் நடக்காது என்பதும் இப்போது தெரிந்துவிட்டது.

"மகாராஜா, பாறைமேல போட்டது ஆடுதான்னு முடிவாயிருச்சுங்களா?"

"ஆயிருச்சு."

"என் தம்பியத் தின்னது நாங்கதான்னா, சட்டப்படி அந்தக் குன்றும் எங்களுக்குத்தானுங்களே?"

புலி வண்டைப் பார்த்தது. அறிக்கையை மாற்றினால் படிப்புக்கு இழுக்கு என்று வண்டு ஆகாயத்தைப் பார்த்தது.

ஏகாம்பரம் துள்ளி எழுந்தது. "மகாராஜா, அது என்..."

தூரத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"என்ன ஏகாம்பரம், என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்லீங்க. கொட்டாவி."

இப்போது மொட்டைக்குன்று முழுக்க ஆடுகள் மேய்கின்றன. ஒரு மூலையில், பூவாத்தா பார்த்து இடம் விட்டதில், ஏகாம்பரம் குடியிருக்கிறது. பூவாத்தாவை ஒரே அடியில் முடித்துவிடலாம்தான். ஆனால் தின்றால், மறுநாள் வெளிக்குப் போவது மறுபடியும் சாட்சியாகிவிடுமே. காலையில் அவசரமாக அது காட்டுக்குள் ஓடும்போது பூவாத்தா அசை போட்டுக்கொண்டே சொல்லும்:

"பாத்துப்பா ஏகாம்பரம். வாடகைக்கு இருக்கிறவங்க பாறைய அசிங்கம் பண்ணக் கூடாது."

நீதி: அடுத்தவனைத் தின்பதென்றால் நன்றாக மென்று தின்ன வேண்டும். அரைகுறையாகச் செரித்தால் உன் சொத்து, தின்னப்பட்டவன் பெயருக்குப் போய்விடும்.